முப்பதுக்கு மூன்று

2007 ஆகஸ்ட் 22 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், கேம்டன் யார்ட்ஸ் மைதானத்தில் நடந்த பேஸ்பால் ஆட்டத்தில் மூன்று இன்னிங்ஸ் முடிந்தபோது உள்ளூர் அணியான ஓரியோல்ஸ் 3-0 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிந்தபோதும் ஓரியோல்ஸின் கணக்கில் அதே 3 ரன்தான் இருந்தது. வெளியூரிலிருந்து வந்த டெக்சஸ் ரேஞ்சர்ஸ் 30 ரன் எடுத்திருந்தது.

அமெரிக்க பேஸ்பாலின் உச்சநிலைப் போட்டியான மேஜர் லீக்கில் ஒரு அணி ஒரு ஆட்டத்தில் எடுப்பது சராசரியாக நான்கு, ஐந்து ரன்தான். பத்து எடுத்தால் பெரிய நாள். இருபது எடுத்தால் மறுநாள் நாளிதழ்கள் அதைத் தனியாக எழுதும். முப்பதை அந்த நாள்வரை 110 ஆண்டுகளாக எந்த மேஜர் லீக் அணியும் எட்டியிருக்கவில்லை. அதற்கு முன்பு எட்டியது 1897 ஜூன் 29 அன்று, லூயிவில் அணியை 36-7 என்று வென்ற சிகாகோ கோல்ட்ஸ். இன்று கப்ஸ் என்று அழைக்கப்படும் அணிதான் அது. மேஜர் லீக்கின் இரண்டு லீக்குகளில் ஒன்றாக 1901-ல் நிலைபெற்ற அமெரிக்கன் லீக்கின் வரலாற்றிலோ அதுவரை முப்பது என்ற எண்ணே கிடையாது. இரு அணிகளுக்கும் இடையிலான 27 ரன் வித்தியாசமும் இருபதாம் நூற்றாண்டு தொடங்கியதிலிருந்து அதுவரை யாரும் காணாதது.

இப்படியொரு ஸ்கோரைக் கேட்டதும் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நம் மனம் ஒரு படத்தை வரைந்துகொள்ளும். முதல் பந்திலிருந்தே அடி, ஓய்வில்லாத அடி, எதிரணி தலை தூக்கவே இல்லை என்று. ஆனால் அன்றைய ஸ்கோர் அட்டையை இன்னிங்ஸ் வாரியாகப் படித்தால் வேறு கதை கிடைக்கிறது. ரேஞ்சர்ஸ் எடுத்த ரன்கள் வரிசையாக இவை: 0, 0, 0, 5, 0, 9, 0, 10, 6. ஒன்பது இன்னிங்ஸில் ஐந்தில் அந்த அணி ஒரு ரன்கூட எடுக்கவில்லை. முப்பது ரன்னும் நான்கே இன்னிங்ஸில் வந்தவை. அன்றைக்குப் பாதிக்கு மேற்பட்ட இன்னிங்ஸில் ஓரியோல்ஸின் பிட்சர்கள், அதாவது பந்து போடுபவர்கள், தங்கள் வேலையைக் குறையில்லாமல் செய்திருக்கிறார்கள். பேஸ்பாலில் பெரிய தோல்வி எப்படி உருவாகிறது என்பதைப் புரிந்துகொள்ள அந்தப் பூஜ்யங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பேஸ்பாலில் நேரம் கிடையாது, ஓவர் கிடையாது. ஒரு அணிக்குக் கொடுக்கப்படும் சொத்து அவுட்கள் மட்டுமே: இன்னிங்ஸுக்கு மூன்று, ஆட்டத்துக்கு இருபத்தேழு. மூன்றாவது அவுட் விழும்வரை ஆடலாம், எவ்வளவு நேரமானாலும். விழுந்த கணத்தில் எல்லாம் துடைத்தெறியப்படும். இரண்டாம் பேஸில் ஒருவர், மூன்றாம் பேஸில் ஒருவர் என்று ரன்னை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நின்றிருந்தாலும், மூன்றாவது அவுட்டோடு அவர்கள் உழைப்பு வீணாகிறது. அடுத்த இன்னிங்ஸ் காலி மைதானத்திலிருந்து தொடங்கும்.

கிரிக்கெட்டில் ஒரு ரன் ஓடினால் அது அப்போதே கணக்கில் சேர்ந்துவிடும். பேஸ்பாலில் ஒரு ஆட்டக்காரர் நான்கு பேஸையும் சுற்றி ஹோம் பிளேட்டை மிதித்தால்தான் ரன். ஹோம் ரன் அடித்தால் ஒரே அடியில் சுற்றிவிடலாம். மற்ற நேரங்களில் ஒருவர் அடிப்பார், பேஸில் நிற்பார், பின்னால் வருபவர் அடித்து அவரை முன்னே தள்ள வேண்டும். ஆகவே மூன்று இன்னிங்ஸில் பரவலாக விழும் ஆறு ஹிட்டில் ஒரு ரன்கூட வராமல் போகலாம். அதே ஆறும் ஒரே இன்னிங்ஸில் அடுத்தடுத்து விழுந்தால் நான்கு, ஐந்து ரன் ஆகிவிடும். ரேஞ்சர்ஸ் அன்று அடித்தது 29 ஹிட். எண்ணிக்கை பெரிதுதான். ஆனால் அவை கொத்துக் கொத்தாக விழுந்ததுதான் முப்பதைக் கொண்டுவந்தது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. கிரிக்கெட்டில் அவுட்டானவர் அன்றைய இன்னிங்ஸுக்கு முடிந்துபோனவர். பேஸ்பாலில் ஒன்பது பேர் வரிசை ஒரு வட்டம். அவுட்டானவரும் தன் முறை வந்ததும் மீண்டும் மட்டையோடு வருவார். கடைசி ஆட்டக்காரர் முடிந்ததும் முதலாமவர் வருவார். வீழ்த்தித் தீர்த்துவிட முடியாத வரிசை அது.

ஸ்கோர் எழுதுபவர்கள் தங்கள் கணக்கைச் சரிபார்க்கப் பயன்படுத்தும் ஒரு சமன்பாடு உண்டு. மட்டை பிடிக்க வந்த ஒவ்வொரு முறைக்கும் மூன்றே முடிவுகள்தாம்: ஒரு ரன், அல்லது ஒரு அவுட், அல்லது பேஸில் நின்றபடி கைவிடப்பட்ட ஒரு ஆட்டக்காரர். மூன்றையும் கூட்டினால் எத்தனை முறை ஆட்டக்காரர்கள் மட்டை பிடித்தார்கள் என்பது வந்துவிடும். 30 ரன், 27 அவுட். பேஸில் நின்றவர்களை விட்டுவிட்டாலும் 57. ஒன்பது பேர் வரிசை ஆறு சுற்று முழுதாகச் சுற்றி ஏழாவதில் காலெடுத்து வைத்திருக்கிறது. சாதாரண ஆட்டத்தில் நான்கு சுற்றும் கொஞ்சமும் நடந்தால் அதிகம். எட்டாவது இன்னிங்ஸை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து ரன், மூன்று அவுட். அந்த ஒரு அரை இன்னிங்ஸில் குறைந்தது பதின்மூன்று பேரை ஓரியோல்ஸ் எதிர்கொண்டது. அவுட்டாக்க வேண்டியது மூன்றே பேரை. அந்த மூன்றைப் பெற முடியாமல் நின்ற நேரம்தான் பத்து ரன்.

இங்கே வெளியூர் அணி என்ற விஷயம் உள்ளே வருகிறது. ஒவ்வொரு இன்னிங்ஸிலும் முதல் பாதியில் வெளியூர் அணியும் இரண்டாம் பாதியில் உள்ளூர் அணியும் ஆடும். கடைசி வாய்ப்பு உள்ளூர் அணிக்கு என்பது சலுகை. அதோடு பழகிய மைதானம், சொந்த வீடு, கூட்டத்தின் குரல் எல்லாம் சேர்ந்து, மேஜர் லீக்கில் உள்ளூர் அணிகள் நூற்றுக்குச் சுமார் 54 ஆட்டங்களில் வெல்கின்றன. ஆனால் ஒன்பதாவது இன்னிங்ஸின் முதல் பாதி முடியும்போது உள்ளூர் அணி முன்னிலையில் இருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். வென்றுவிட்டவர் மீண்டும் ஆட வேண்டிய அவசியமில்லை. ஆகவே நன்றாக ஆடி வெல்லும் உள்ளூர் அணிக்கு எட்டு இன்னிங்ஸ், 24 அவுட்தான் கிடைக்கும். வெளியூர் அணிக்கோ எவ்வளவு முன்னிலையில் இருந்தாலும் 27 அவுட்டும் உண்டு. எதிரணிக்குக் கடைசி வாய்ப்பு பாக்கியிருப்பதால், எவ்வளவு ரன் போதும் என்று விதிப்படி யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. டிக்ளேர் செய்யும் உரிமையும் இந்த விளையாட்டில் இல்லை.

இதைப் பால்டிமோர் ஆட்டத்தோடு பொருத்திப் பார்த்தால் விளங்கும். எட்டு இன்னிங்ஸ் முடிந்தபோது ஸ்கோர் 24-3. இதே ஆட்டம் இதே வரிசையில் டெக்சஸின் ஆர்லிங்டனில், ரேஞ்சர்ஸின் சொந்த மைதானத்தில் நடந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அமெரிக்கன் லீக் சாதனை கிடையாது. ரேஞ்சர்ஸ் அணியின் சொந்தச் சாதனைகூட உடைந்திருக்காது. ஏனென்றால் 1996 ஏப்ரல் 19 அன்று அதே ஓரியோல்ஸை அந்த அணி 26-7 என்று வென்றிருந்தது. பால்டிமோரில் ஆடியதால் ஒன்பதாவது இன்னிங்ஸ் கிடைத்தது. அதில் வந்த 6 ரன்தான் 24-ஐ 30 ஆக்கியது.

இதே அளவுகோலை எடுத்துக்கொண்டு பழைய பெரிய ஸ்கோர்களைப் பார்க்கலாம். 2007-க்கு முன்பு நவீன காலத்துச் சாதனை, அதாவது இருபதாம் நூற்றாண்டு தொடங்கிய பின்னான சாதனை, 29. அதை இரண்டு அணிகள் பகிர்ந்துகொண்டன. 1950 ஜூன் 8 அன்று பாஸ்டன் ரெட் சாக்ஸ் தன் சொந்த ஃபென்வே பார்க்கில் செயின்ட் லூயிஸ் பிரௌன்ஸை 29-4 என்று வென்றது. 1955 ஏப்ரல் 23 அன்று சிகாகோ வொயிட் சாக்ஸ் கான்சஸ் சிட்டிக்குப் போய் ஏ'ஸ் அணியை 29-6 என்று வென்றது. பட்டியலில் இரண்டும் ஒரே எண்ணாகத் தெரிந்தாலும் சமமில்லை. வொயிட் சாக்ஸ் ஒன்பது இன்னிங்ஸ் ஆடியது. ரெட் சாக்ஸ் எட்டில் அதை எடுத்தது. 2020 செப்டம்பர் 9 அன்று அட்லாண்டா பிரேவ்ஸ் மயாமி மார்லின்ஸை 29-9 என்று வென்றதும் உள்ளூரில்தான், எட்டு இன்னிங்ஸில்தான். ஒரு அவுட்டுக்கு எத்தனை ரன் என்று வகுத்தால் பாஸ்டனும் அட்லாண்டாவும் ரேஞ்சர்ஸுக்கு மேலே நிற்கும். சாதனைப் பட்டியல்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆடக் கிடைத்த அவுட்களின் எண்ணிக்கையைச் சொல்லாமல் ரன்னை மட்டும் சொல்வது பாதிக் கணக்கு.

அதன்பின் நடந்த ஒருதலையான ஆட்டங்களிலும் வெளியூர் அணிகளே நினைவில் நிற்கின்றன. 2022 ஜூலை 22 அன்று டொரோன்டோ புளூ ஜேஸ் ஃபென்வே பார்க்கில் ரெட் சாக்ஸை 28-5 என்று வென்றது. பேஸ்கள் நிரம்பியிருந்தபோது ராய்மெல் டாப்பியா உயரமாக அடித்த பந்தை, வெளிக்களத்தில் நின்ற ஜாரன் டுரான் வானத்தில் தவறவிட்டார்; பந்து எல்லையைத் தாண்டாமலேயே நான்கு ரன் வந்துவிட்டது. 2023 ஜூன் 24 அன்று லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் டென்வருக்குப் போய் ராக்கீஸை 25-1 என்று வென்றது. அங்கே மூன்றாவது இன்னிங்ஸில் மட்டும் 13 ரன்.

பால்டிமோருக்குத் திரும்பலாம். அன்று அடித்தவர்கள் யார் என்பது ஸ்கோரைவிடச் சுவையான விஷயம். ரேஞ்சர்ஸ் அப்போது நல்ல அணி இல்லை. 2007 பருவத்தை 75 வெற்றி, 87 தோல்வியோடு முடித்து, தன் பிரிவில் கடைசியாக நின்ற அணி அது. ஜெயிக்கப் போவதில்லை என்று தெரிந்ததும், ஜூலை 31 அன்று தன் பெரிய நட்சத்திரமான மார்க் டெஷேராவை அட்லாண்டாவுக்கும், ஆட்டத்தை முடித்துவைக்கும் பிட்சர் எரிக் கான்யேவை பாஸ்டனுக்கும் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இளைஞர்களை வாங்கியிருந்தது. அந்த மாற்றம் நடந்து மூன்று வாரமே ஆகியிருந்தது. அட்லாண்டாவிலிருந்து வந்த கேட்சர் ஜாரட் சால்டலமாக்கியா அன்று இரண்டு ஹோம் ரன் அடித்து 7 ரன் உள்ளே கொண்டுவந்தார். பாஸ்டனிலிருந்து வந்த டேவிட் மர்ஃபி ஐந்து ஹிட் அடித்தார். அதே மாற்றத்தில் வந்த கேசன் கப்பார்டுதான் வென்ற பிட்சர். விடைகொடுக்கப்பட்ட நட்சத்திரங்களின் இடத்தில் வந்தவர்கள், புதிய சட்டையின் மடிப்பு கலைவதற்குள் அணியின் வரலாற்றிலேயே பெரிய ஆட்டத்தை ஆடிவிட்டார்கள்.

சால்டலமாக்கியா வரிசையில் எட்டாவதாக ஆடினார். ஒன்பதாவதாக ஆடிய ரமோன் வாஸ்கெஸ், தேவைப்படும் இடத்தில் நிறுத்தப்படும் மாற்று ஆட்டக்காரர். அவரும் இரண்டு ஹோம் ரன், அவரும் 7 ரன். வரிசையின் வாலில் நின்ற இருவர் மட்டும் 14 ரன்னைக் கொண்டுவந்தார்கள். இதை வெறும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. பேஸ்பாலில் பலவீனமானவர்களைக் கீழே வைப்பது வழக்கம். மேலே இருப்பவர்களுக்கு ஒரு முறை கூடுதலாக ஆடக் கிடைக்கலாம் என்பதுதான் காரணம். ஆனால் வட்டம் ஆறேழு முறை சுற்றும் நாளில் மேல், கீழ் என்ற பேதம் அழிந்துபோகிறது. முன்னால் இருப்பவர்கள் பேஸை நிரப்பிவிட்டுப் போகிறார்கள். நிரம்பிய பேஸோடு மட்டை பிடிக்கும் வாய்ப்பு எட்டாமவருக்கும் ஒன்பதாமவருக்கும் வந்துகொண்டே இருக்கிறது. ஆடும் முறை பெருகப் பெருக, வாலில் நிற்பவர்களுக்கும் தலையில் நிற்பவர்களின் பங்கு கிடைத்துவிடுகிறது.

பேஸ்கள் மூன்றும் நிரம்பியிருக்கும்போது அடிக்கும் ஹோம் ரன்னை கிராண்ட் ஸ்லாம் என்பார்கள். ஒரே அடியில் நான்கு ரன். ரேஞ்சர்ஸ் அன்று இரண்டு கிராண்ட் ஸ்லாம் அடித்தது: ஆறாவது இன்னிங்ஸில் மார்லன் பேர்ட், எட்டாவதில் டிராவிஸ் மெட்காஃப். இந்த மெட்காஃப் அன்றைக்குத்தான் ஓக்லஹோமாவில் உள்ள கீழ்நிலை அணியிலிருந்து அழைக்கப்பட்டு வந்திருந்தார். காலையில் மைனர் லீக் ஆட்டக்காரர். மாலையில் முப்பதில் நான்கு அவருடையது.

இனி பந்து போட்டவர்கள். எனக்கு இந்த ஆட்டத்தில் மனத்தைத் தொடும் பகுதி இதுதான். முப்பது ரன் என்று ஒரே எண்ணாகச் சொல்கிறோம். ஆனால் பேஸ்பால் அந்தப் பாரத்தை அணியின் தலையில் பொதுவாகப் போடுவதில்லை. ரன்னை ரன்னாகப் பிரித்து, ஒவ்வொரு பிட்சரின் பெயருக்கு எதிரே எழுதி வைக்கும். விதி கண்டிப்பானது. ஒரு ஆட்டக்காரரைப் பேஸுக்கு அனுப்பியவர் எந்தப் பிட்சரோ, அவர் வெளியேறிய பின் அந்த ஆட்டக்காரர் ரன் எடுத்தாலும் அது அனுப்பியவரின் கணக்கில்தான் சேரும். பெஞ்சில் உட்கார்ந்தபடி, வேறொருவர் கையிலிருந்து போகும் பந்தில் தன் கணக்கு ஏறுவதை அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஓரியோல்ஸ் அன்று நான்கு பிட்சர்களைப் பயன்படுத்தியது. தொடங்கியவர் டேனியல் கப்ரேரா. நான்காவது இன்னிங்ஸின் ஐந்து ரன்னைக் கொடுத்த பின்னும் ஐந்தாவதை ரன் கொடுக்காமல் முடித்தார். ஆறாவதில் ஒருவரும் அவுட்டாகும் முன்பே வெளியேறினார். அவர் கணக்கில் 6. அடுத்து வந்த பிரையன் பர்ரஸ் இரண்டு அவுட் எடுப்பதற்குள் 8 ரன் ஏறிவிட்டது. மூன்றாவதாக ராப் பெல். ஆறாவதின் கடைசி அவுட்டை எடுத்தார், ஏழாவதில் ஒரு ரன்னும் கொடுக்கவில்லை. அங்கேயே அவரை நிறுத்தியிருந்தால் நல்ல வேலை செய்தவராக வீட்டுக்குப் போயிருப்பார். எட்டாவதில் மீண்டும் வந்தார். ஒரு அவுட்டும் கிடைக்கவில்லை, 7 ரன் அவர் கணக்கில் விழுந்தது.

கடைசியாக பால் ஷூயி. இடுப்பில் பட்ட காயங்களாலும் அறுவைச் சிகிச்சைகளாலும் 2003-க்குப் பிறகு மேஜர் லீக்கை விட்டு விலகியிருந்து, 2007-ல் முப்பத்தாறு வயதில் திரும்பி வந்தவர். எட்டாவதின் மூன்று அவுட்டும் ஒன்பதாவதின் மூன்று அவுட்டும் அவர் எடுத்தவை. அதற்கிடையில் அவர் கணக்கில் 9 ரன். நால்வரில் அதிக ரன் அவர் பெயரில்தான். ஆனால் ஆட்டத்தை முடித்துவைத்தவரும் அவர்தான். இந்த விளையாட்டில் தோற்கும் அணி சரணடைய முடியாது. இருபத்தேழு அவுட்டை யாராவது ஒருவர் எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் ஆட்டம் முடியாது. அந்தக் கடைசி ஆறை எடுத்தவர் என்ற வகையில் ஷூயியை நான் மரியாதையோடு நினைக்கிறேன். அந்தப் பருவத்துக்குப் பின் அவர் மேஜர் லீக்கில் ஆடவில்லை.

ஏன் ஒரே ஆளை இவ்வளவு அடி வாங்க விட்டார்கள் என்று கேட்கத் தோன்றும். பதில் அன்றைய அட்டவணையில் இருக்கிறது. அன்று அதே இரு அணிகளுக்கும் அதே மைதானத்தில் இரண்டு ஆட்டங்கள். முதல் ஆட்டம்தான் இந்த முப்பது. மூன்று மணி இருபத்தொரு நிமிடம் ஓடிய இந்த ஆட்டம் முடிந்த பிறகு இரண்டாவது ஆட்டத்தை ஆட வேண்டும், மறுநாளும் ஆட வேண்டும். பிட்சரின் தோள் ஒரு நாளில் திரும்ப வளர்வதில்லை. கைவிட்டுப்போன ஆட்டத்தில் நல்ல பிட்சர்களைச் செலவிட்டால் வெல்லக்கூடிய ஆட்டமும் கைவிட்டுப்போகும். ஆகவே ஒருதலையான தோல்வி என்பது ஓரளவுக்கு மேல் மேலாளர் தெரிந்தே எடுக்கும் முடிவு: இவரும் இவரும் இன்றைக்குப் பாரத்தைத் தாங்கட்டும், மற்றவர்கள் நாளைக்கு இருக்கட்டும் என்று. ஓரியோல்ஸின் மேலாளர் டேவ் டிரெம்ப்ளி அதுவரை தற்காலிகப் பொறுப்பில் இருந்தவர். அடுத்த ஆண்டுக்கும் அவரே மேலாளர் என்று அணி நிர்வாகம் அறிவித்ததும் அதே நாளில்தான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பிட்சரே அல்லாத ஒரு ஆட்டக்காரரைப் பந்து போட வைப்பது. 1996-ன் அந்த 26-7 ஆட்டத்தில் ஓரியோல்ஸ் இதைச் செய்தது. உள்களத்தில் நிற்கும் மேனி அலெக்ஸாண்டரைப் பந்து போட அனுப்பியது. பிற்காலத்தில் இது மிகவும் பெருகிவிட்டதால், 2023 முதல் லீக் வரம்பு விதித்திருக்கிறது: குறைந்தது எட்டு ரன் பின்தங்கிய அணி எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், பத்து ரன் முன்னிலையில் இருக்கும் அணி ஒன்பதாவது இன்னிங்ஸில் மட்டும் செய்யலாம், கூடுதல் இன்னிங்ஸுக்குத் தடையில்லை. பார்வையாளர்கள் இதை வேடிக்கையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி இல்லை. தோல்வியைக் கூத்தாக்கிவிட்டால் எதிரே ஆடுபவரின் உழைப்பும் கூத்தாகிவிடுகிறது.

எதிரே ஆடுபவருக்கும் சங்கடம் உண்டு. 24-3 என்று இருக்கும்போது ஒன்பதாவது இன்னிங்ஸில் மட்டை பிடிக்க வரும் வெளியூர் ஆட்டக்காரர் என்ன செய்ய வேண்டும்? எழுதப்படாத மரபுகள் சில இருக்கின்றன. பெரிய முன்னிலையில் இருக்கும்போது, பந்து அடிக்கப்படும் முன்பே அடுத்த பேஸுக்கு ஓடி அதைத் திருடக்கூடாது. பண்ட் செய்து, அதாவது பந்தை மட்டையால் மெல்லத் தட்டிவிட்டு, தந்திரமாக பேஸுக்குப் போகக்கூடாது. பிட்சர் தொடர்ந்து மூன்று பந்தைத் தவறாகப் போட்டு, அடுத்ததை எப்படியும் நேராகப் போட்டாக வேண்டிய நிலையில் இருக்கும்போது அந்தப் பந்தை அடிக்கக்கூடாது. முதல் இரண்டு எனக்கு ஏற்புடையவை. மூன்றாவதில் உடன்பாடில்லை.

2021 மே 17 அன்று மினியாபொலிஸில் இந்த மூன்றாவது மரபு பெரிய சர்ச்சையானது. வெளியூர் அணியான வொயிட் சாக்ஸ் 15-4 முன்னிலையில் இருந்தது. மினசோட்டா ட்வின்ஸ் பிட்சரல்லாத வில்லியன்ஸ் அஸ்துடியோவைப் பந்து போட வைத்திருந்தது. மூன்று தவறான பந்துக்குப் பின் அவர் மணிக்குச் சுமார் 76 கி.மீ. வேகத்தில் மெல்ல விட்ட நான்காவது பந்தை யெர்மின் மெர்செடெஸ் ஹோம் ரன் அடித்தார். அவருடைய சொந்த மேலாளரான டோனி லா ரூசாவே, அடிக்காதே என்ற சைகையை மீறிவிட்டார் என்று அவரைப் பகிரங்கமாகக் கண்டித்தார். மறுநாள் ட்வின்ஸ் பிட்சர் டைலர் டஃபி மெர்செடெஸின் காலுக்குப் பின்னால் பந்தை வீசினார். லீக் அவருக்குத் தடை விதித்தது.

நான் மெர்செடெஸ் பக்கம். டிக்ளேர் இல்லாத விளையாட்டு இது. அடிக்காமல் நின்றால், நான்கு தவறான பந்துக்குக் கிடைக்கும் வாக் என்ற இலவச நடையில் பேஸுக்குப் போகக்கூடும். ஆட்டம் இன்னும் நீளும், பந்து போடுபவர் இன்னும் நிற்க வேண்டியிருக்கும். வேண்டுமென்றே அவுட்டானால் எதிரணியை அவமதிப்பதாகும். மேலும், ஸ்கோர் ஏறிப்போன இன்னிங்ஸில் மட்டை பிடிப்பவர்களில் பலர் மெட்காஃப் போன்றவர்கள், அன்று காலை வந்தவர்கள், நாளை மறுபடியும் கீழே அனுப்பப்படலாம் என்ற நிலையில் இருப்பவர்கள். பெரிய ஆட்டக்காரர்களை ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு மேலாளர் இறக்குவது அவர்களைத்தான். அவர்களுக்குக் கிடைக்கும் ஒவ்வொரு முறையும் அடுத்த மாதச் சம்பளத்தைத் தீர்மானிக்கலாம். உன் அணி ஏற்கனவே ஜெயித்துவிட்டது, நீ விட்டுக்கொடு என்று அவர்களிடம் கேட்பது நியாயமில்லை.

இரக்கத்தை விதியாகவே எழுதி வைத்த இடங்களும் உண்டு. உலக பேஸ்பால் கிளாசிக் போட்டியின் தொடக்கச் சுற்றுகளில் ஐந்து இன்னிங்ஸுக்குப் பிறகு 15 ரன், ஏழுக்குப் பிறகு 10 ரன் என்று வித்தியாசம் இருந்தால் ஆட்டம் நிறுத்தப்படும். குறுகிய காலத்தில் பல நாடுகள் கூடும் போட்டிக்கு அது பொருத்தம். மேஜர் லீக்கில் அப்படி விதி இல்லை. இல்லாதது நல்லது என்றே நினைக்கிறேன். அந்த விதி இருந்திருந்தால் பால்டிமோர் ஆட்டம் ஏழாவது இன்னிங்ஸோடு 14-3 என்று முடிந்து, யார் நினைவிலும் தங்காமல் போயிருக்கும்.

14-3 என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். கப்பார்டு ஆறு இன்னிங்ஸ் போட்ட பிறகு, ஏழாவதில் அந்த ஸ்கோரோடு ரேஞ்சர்ஸுக்காக வந்தவர் வெஸ் லிட்டில்டன். மூன்று இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் போட்டு முடித்தார். ஸ்கோர் அட்டையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் சேவ் என்று எழுதப்பட்டிருக்கிறது. முன்னிலையைக் காப்பாற்றிக் கொடுத்தவருக்குத் தரப்படும் பெருமை அது. 1969 முதல் அதிகாரபூர்வக் கணக்கு. வழக்கமாக மூன்று ரன்னுக்கு மேற்படாத முன்னிலையைக் காத்தவருக்குக் கிடைக்கும். ஆனால் விதியில் இன்னொரு வாசலும் உண்டு: வென்ற அணிக்காக ஆட்டத்தை முடித்து, குறைந்தது மூன்று இன்னிங்ஸ் போட்டால், முன்னிலை எவ்வளவாக இருந்தாலும் சேவ்தான். 27 ரன் வித்தியாசத்தில் ஒருவர் ஆட்டத்தைக் காப்பாற்றினார் என்று அன்று பலர் கேலி செய்தார்கள். விதியில் தவறில்லை. மூன்று இன்னிங்ஸைத் தனியாளாகச் சுமந்து, அன்றைய இரண்டாவது ஆட்டத்துக்காகத் தன் அணியின் மற்றப் பிட்சர்களின் தோளை அவர் காப்பாற்றியிருக்கிறார். பால்டிமோர் பக்கத்தில் அந்தத் தோள்கள் எப்படிக் கரைந்தன என்று பார்த்தபின் அதன் மதிப்பு தெரிகிறது.

அந்த இரண்டாவது ஆட்டத்தை ரேஞ்சர்ஸ் 9-7 என்று வென்றது. ஒரே நாளில் 39 ரன், அதுவும் அமெரிக்கன் லீக் சாதனை. புள்ளிப் பட்டியலில் இரண்டு ஆட்டமும் சமம். நம் ஐபிஎல்லில் இருப்பதுபோல் நெட் ரன் ரேட் என்ற கணக்கு மேஜர் லீக்கில் இல்லை. 162 ஆட்டங்களில் வெற்றி எத்தனை, தோல்வி எத்தனை என்பது மட்டுமே. 27 ரன்னில் தோற்றாலும் ஒரு தோல்வி, 2 ரன்னில் தோற்றாலும் ஒரு தோல்வி. 2004 ஆகஸ்ட் 31 அன்று நியூயார்க் யாங்கீஸ் சொந்த மைதானத்தில் கிளீவ்லாந்திடம் 22-0 என்று தோற்றது. அதே பருவத்தில் 101 ஆட்டம் வென்று தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. ஓரியோல்ஸுக்கு அந்த வலிமை இல்லை. 2007-ஐ 69 வெற்றி, 93 தோல்வியோடு முடித்தது. வாங்கிய இளைஞர்களை வளர்த்தெடுத்த ரேஞ்சர்ஸ், டெஷேரா மாற்றத்தில் கிடைத்த எல்விஸ் ஆன்ட்ரூஸ், நெஃப்டாலி ஃபெலிஸ் ஆகியோரோடு 2010-லும் 2011-லும் மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடர்வரை போனது. இரண்டு முறையும் தோற்றது.